கையெழுத்து யாருடையது?

சில மாதங்களுக்கு முன் சானமாவுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதியர் என் புறநோயாளிகள் அறைக்கு வந்திருந்தனர். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன்.) மனைவி ரோஜாப் பசுமைக்குடிலில் வேலை செய்பவர். நெடுநாளாக மாதவிடாயில் மிகுந்த உதிரப்போக்கு. இரத்தசோகையால் படியேறவே மூச்சு வாங்கியது. கருப்பையில் நார்க்கட்டிகள் இருப்பதை ஸ்கேன் காட்டியது. மாத்திரைகள் பலன் தராததால், கருப்பையை அகற்றுவது பற்றி விளக்கிவிட்டு ஒப்புதல் படிவத்தை எடுத்தேன். என் கை தானாகவே அதைக் கணவரின் பக்கம் நீட்டியது. அவரும் பேனாவைத் திறந்துவிட்டார். “சினைப்பையையும் எடுத்துடுவீங்களா டாக்டரம்மா?” என்று அந்தப் பெண் கேட்ட பிறகே என் தவறு எனக்கு உறைத்தது.

பெண்ணுரிமை வரலாறு என்றதும் வாக்குரிமையும் சொத்துரிமையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வரலாற்றின் ஓர் இழை மருத்துவமனை வழியாகவும் ஓடுகிறது. அதற்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1875ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவர் மேரி ஷார்லீப். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்து வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் மடிந்த பெண்களின் நிலை கேட்டு மருத்துவம் பயில வந்தவர் அவர். 1885இல் அவருடைய முயற்சியால் தொடங்கிய மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை மகப்பேறு நிதியுதவி பெற்ற தாய்மார் அனைவரும் அறிவர். ஆண்கள் பயின்ற கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் அனுமதியால் படித்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். நூறாண்டு கடந்தும் நம் கல்யாண மண்டபங்களில் அரிதாகவே கேட்கும் பேச்சு அது! 1921இல் சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு, சொத்துத் தகுதியின் அடிப்படையில், வாக்குரிமை கிட்டியது. 1927இல் அவர் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே வாதாடினார். அவருடைய தாயாரே அம்மரபில் பிறந்தவர். சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது.

இனி, படிவத்துக்கு வருவோம். தில்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்க மருந்தில் இருந்தபோது, வெளியே நின்ற தாயாரிடம் ஒப்புதல் பெற்று அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நோயாளி வயது வந்தவர். அவர் விழிக்கும்வரை பொறுக்க இயலாத அவசரமும் இல்லை. ஆகவே தாயின் ஒப்புதல் செல்லாது என 2008இல் தீர்ப்பாயிற்று. பதினெட்டு வயது நிறைந்து, சிந்தித்து முடிவெடுக்கும் நிலையிலுள்ள பெண்ணின் சிகிச்சைக்கு அவருடைய ஒப்புதலே தேவை. கருக்கலைப்புக்கும், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவ்வயதுடைய பெண்ணின் சம்மதம் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

கணவரையோ மாமியாரையோ கலந்து பேசுவதை நான் குறை சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்காமல் இருக்க அவர்கள் துணை அவசியம். ஆயினும் உடன் வருவோரிடம் ஒரு வேண்டுகோள்: மருத்துவர் கேட்கும் கேள்விக்கு நோயாளியே விடை சொல்லட்டும். அவருடன் சற்றுத் தனியே பேச வேண்டும் என்றால், வெளியே அமர்ந்திருங்கள். வெட்கத்தால் மறைத்த நோய்க்குறிகள் பல அப்போதுதான் வெளிவருகின்றன.

அந்தப் பெண்ணுக்கு மீண்டும் முதலிலிருந்து விளக்கினேன். சினைப்பைகளையும் எடுத்தால் மாதவிடாய் நின்ற நிலை உடனே வந்துவிடும், எலும்புகள் விரைவில் வலுவிழக்கலாம், அவருக்கோ அவை நலமாகவே உள்ளன என்றேன். வீட்டில் யோசித்து வருவதாகச் சொல்லிச் சென்றார். மறுவாரம் வந்து, கருப்பையை மட்டும் எடுங்கள் என்றார். அவர் பள்ளியில் படித்தது எல்லைக்கு அந்தப் பக்கம். படிவத்தை மடியில் வைத்து, கன்னட எழுத்தில் தம் பெயரை நிதானமாக எழுதிக் கொடுத்தார்.