இடுப்புவலியும் இழந்த கூலியும்

மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து இரயில் வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தொழில் நகரம் அம்பர்நாத். 1920களில் சுவீடன் நாட்டு முதலீட்டில் எழுந்த தீப்பெட்டித் தொழிற்சாலையும், விடுதலைக்குப் பின் 1950களில் அமைந்த படைக்கலத் தொழிற்சாலையும் இந்நகருக்குப் பெயர் தேடித் தந்தவை. எந்திரத்தின் முன் குனிந்து நிற்போரும், மூட்டை சுமப்போரும், நெரிசல் மிகுந்த இரயிலில் நின்றபடியே மும்பைக்குச் சென்று திரும்புவோரும் இங்கு ஏராளம். இடுப்பு, கழுத்து, முழங்கால் வலி இவர்களுக்குப் புதிதன்று. அது உயிரைப் பறிப்பதில்லை. உழைக்கும் நாட்களைப் பறிக்கிறது. இதனாலேயே நோய்க் கணக்குகளில் நெடுங்காலம் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

உலகில் 2020-ஆம் ஆண்டில் சுமார் 61.9 கோடி மக்கள் இடுப்புவலியால் அவதியுற்றனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எலும்பு முறிவோ கட்டியோ கிருமித் தொற்றோ காரணமன்று. தசையின் வலுக்குறைவு, ஒரே நிலையில் நெடுநேரம் இருத்தல், தாங்க இயலாத சுமை, மனக்கவலை ஆகியவை கூடி விளைவிப்பது இது. ஆயினும், கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர், மலக் கட்டுப்பாடு தவறினாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அங்கே பயிற்சிக்கு முதலிடம் இல்லை.

மற்றையோருக்கு உதவுவது, பிசியோதெரபி என்று மக்கள் வழங்கும் இயன்முறை மருத்துவம். அதைப்பற்றி ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. மின்சாரக் கருவியை முதுகில் வைப்பதும், கழுத்தையும் இடுப்பையும் இழுத்துக் கட்டுவதுமே சிகிச்சை என்று பலர் கருதுகின்றனர். நாள்பட்ட இடுப்புவலி குறித்து 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை இதற்கு மாறானது. நோயாளிக்கு விளக்கம் அளித்தல், முறையான உடற்பயிற்சி ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இழுவைச் சிகிச்சை, இடுப்புப் பட்டை, ஒலியலைச் சிகிச்சை, தோல்வழி மின்தூண்டல் ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. முழங்கால் மூட்டுத் தேய்மானத்திலும் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியே அடிப்படை.

இத்துறை இந்தியாவில் வேர்விட்டது பம்பாயில்தான். இளம்பிள்ளைவாதத்தால் முடங்கிய குழந்தைகளைக் கருத்தில் கொண்டு, 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி உருவாயிற்று. 1955-இல் ஹாஜி அலியில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் அமைந்தது. குழந்தைகளுக்காகப் பிறந்த கலை இன்று உழைப்பாளரின் முதுகைத் தாங்க வேண்டியிருக்கிறது.

அம்பர்நாத்திலிருந்து பரேல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். போகவர ஒரு பகல் கழியும். வாரம் இருமுறை வீதம் ஆறு வாரம் என்று கொண்டால் 12 நாள் கூலி இழப்பு. சிகிச்சைக் கட்டணம் இல்லாவிடினும், நாட்கூலிக்காரருக்கு இதுவே உண்மையான விலை. மூன்றாம் முறையோடு அவர் வராமல் நின்றுவிட்டால், அவரது அலட்சியம் என்று மருத்துவக் குறிப்பில் எழுதுவது எளிது, அது நியாயமாகாது. கருவியை நம்பிய சிகிச்சைக்கு நோயாளி அடிக்கடி வரவேண்டும். பயிற்சியையோ இரண்டு மூன்று வருகைகளில் கற்பித்து, வீட்டில் தொடரச் செய்யலாம். மருத்துவ முறையில் சிறந்தது, இங்கே செலவிலும் சிக்கனமானது.

ஆனால் தாராவியின் ஒற்றையறை வீட்டில், ஐந்தாறு பேருக்கு நடுவே, தரையில் படுத்துக் காலை உயர்த்த இடம் ஏது? சுவரைப் பற்றி நின்றும், நாற்காலியில் இருந்து எழுந்தும் செய்யும் பயிற்சிகளைத் தேர்ந்தளிப்பது இச்சூழலை அறிந்த சிகிச்சையாளரின் கடமை.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவானவருக்கு, மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்க வழியுண்டு. ஆயின் அத்திட்டம் பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே உரியது. தாராவியில் தோல் தைப்போரும், விடியுமுன் இட்லி அவித்து விற்கும் தமிழ்க் குடும்பங்களும் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர்.

அம்பர்நாத்தில் 2024-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதன் இயன்முறைப் பிரிவு காலை வேளையோடு முடியாமல், ஆலை விட்டு வருவோருக்காக மாலை ஏழு மணிக்கும் திறந்திருக்குமாயின், பரேல் பயணமும் கூலி இழப்பும் ஒருங்கே குறையும்.