செய்து பார்த்தால்தான் தெரியும்: ஒல்லாந்தரின் கைப்பணிகளும் பாற்கட்டியும்

மேசை லாச்சியைத் திறக்கிறோம். கணவர் கந்தோருக்குப் போகிறார். பகலைக்குப் போஞ்சிக் கறி ஆக்குகிறோம். சகோதரிகளே! லாச்சி, கந்தோர், போஞ்சி என்ற இந்த மூன்று சொற்களும் நம் வாய்க்கு எங்கிருந்து வந்தன என்று எப்போதாவது யோசித்ததுண்டா? மூன்றும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. 1640இல் காலியையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, 1796இல் ஆங்கிலேயர் வரும் வரை நம் கரையோரத்தை ஆண்டவர்கள் அவர்கள். நம் முன்னோரின் வியாபாரத்துக்கு அவர்கள் போட்ட தடைகளைச் சரித்திரம் பதிந்து வைத்திருக்கிறது. அதை நாம் மறக்க வேண்டியதில்லை. எனினும், அந்த மக்களின் கைத்திறனிலிருந்து பாடம் படிப்பதற்கு அது குறுக்கே நிற்கவும் வேண்டியதில்லை.

இன்று நம்மவர் பலரின் பிள்ளைகளும் உறவினரும் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஒல்லாந்து என்று நாம் சொல்லும் நெதர்லாந்துக்கும் ஒரு நடை போய் வருகிறார்கள். காற்றாலைக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். சின்ன மரக்காலணி கோர்த்த திறப்பு வளையம் ஒன்று வாங்குவார்கள். அவ்வளவுதான் பயணம்!

ஆனால் அங்கே வேறொரு வழியும் இருக்கிறது. உல்லாசப் பயணியின் கையிலேயே தூரிகையையும் கத்தியையும் பாற்சட்டிக் கரண்டியையும் கொடுத்து, "நீங்களே செய்து பாருங்கள்" என்று உட்கார வைக்கும் பட்டறைகள் பல ஊர்களில் நடக்கின்றன. ஒரு மணித்தியாலமோ இரண்டு மணித்தியாலமோதான். ஆயினும், கடையில் காசு கொடுத்து வாங்கினால் கிடைக்காத ஓர் அறிவு அங்கே கிடைக்கிறது. அவற்றைப் பற்றித்தான் இம்முறை பேசப் போகிறோம்.

பச்சை மரத்தில் ஒரு காலணி

ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, சான் ஆற்றங்கரையில், சான்ஸே ஸ்கான்ஸ் என்ற இடம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஆற்றுப் பிரதேசத்தில் மட்டும் சுமார் 600 காற்றாலைகள் சுழன்றன. மரம் அறுக்கவும், எண்ணெய் ஆட்டவும், வர்ணப் பொடி அரைக்கவும், கடுகு அரைக்கவும் ஆலைகள் இருந்தன. காற்றையே கூலியாளாக வைத்து ஒரு தொழிற்பேட்டை நடத்தினார்கள் என்று சொல்லலாம். எஞ்சிய சில ஆலைகள் இன்றும் அங்கே வேலை செய்கின்றன.

அதே இடத்தில் மரக்காலணிப் பட்டறை ஒன்றும் உண்டு. 'கிளொம்பன்' எனப்படும் இந்தக் காலணியைப் பொப்லார் மரத்திலும் வில்லோ மரத்திலும் செய்கிறார்கள். காய்ந்த மரத்தில் அல்ல, ஈரம் சொட்டும் பச்சை மரத்தில்! பச்சையாக இருக்கும்போதுதான் கத்தி இலகுவாக இறங்கும். ஒரு முனை கட்டைமேல் கொளுவப்பட்ட நீண்ட கத்தியால் வெளிப்புறத்தைச் செதுக்குவார்கள். கரண்டி போல வளைந்த துளைப்பானால் உட்புறத்தைக் குடைவார்கள். பிறகு வாரக்கணக்கில் உலர விடுவார்கள். இன்று பெரும்பாலும் இயந்திரம்தான் இந்த வேலையைச் செய்கிறது. திறப்பு வெட்டும் கடையில் மாதிரித் திறப்பைத் தடவிப் புதுத் திறப்பு வெட்டுவார்களே, அதே விதமாக மாதிரிக் காலணி ஒன்றைத் தடவிச் சில நிமிடங்களில் வெட்டி முடித்துவிடும்.

இது வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. சேற்று நிலத்தில் கால் நனையாமலும், மாடு மிதித்தால் விரல் நசுங்காமலும் காத்த உழைப்பாளியின் காலணி. ஆம்ஸ்டர்டாம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ஒரு மரக்காலணி ஏறத்தாழ 1230ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பட்டறையில் பிள்ளைகளுக்கு வர்ணம் தீட்டக் கொடுக்கும்போது இந்தக் கதையையும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை அதை அலங்காரப் பொருளாகப் பார்க்காமல், ஓர் ஏழை விவசாயியின் கால்களாகப் பார்க்கும்.

கருப்பாகத் தீட்டினால் நீலமாகும்

டெல்ப்ட் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. நம் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரும் அதுவே. அந்த டெல்ப்ட் நகரம் நீலப்பூப் போட்ட வெள்ளை மட்பாண்டங்களுக்குப் பேர் போனது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த பீங்கான்களில் ஐரோப்பியப் பணக்காரர் மயங்கியிருந்த காலம் அது. 1644இல் மிங் ஆட்சி வீழ்ந்து சீனாவில் குழப்பம் மூண்டதும் பீங்கான் வரத்துக் குறைந்தது. அந்த இடத்தை டெல்ப்ட் குயவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடம் பீங்கான் மண் இல்லை. சாதாரண மண்ணில் பாத்திரம் வனைந்து, வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சுப் பூசி, பீங்கானைப் போலத் தோன்றச் செய்தார்கள். 1653இல் தொடங்கிய ஒரு தொழிற்சாலை இன்றும் அங்கே இயங்குகிறது. அந்தக் காலத்துச் சூளைகளில் எஞ்சியது அது ஒன்றுதான்.

அங்கே பயணிகள் ஓடு ஒன்றில் தாங்களே சித்திரம் தீட்டலாம். முதலில் ஒரு கடதாசி தருவார்கள். சித்திரத்தின் கோடுகளில் ஊசியால் துளைகள் குத்தப்பட்டிருக்கும். அதை ஓட்டின்மேல் வைத்துக் கரிப்பொடியைத் தட்டினால் கோடு புள்ளிபுள்ளியாக இறங்கும். தையல் வேலை தெரிந்த சகோதரிகளுக்கு இது உடனே விளங்கும். தலையணை உறையில் பூ வேலை செய்வதற்கு நாம் அச்சு இறக்கும் அதே முறை! பிறகு தூரிகையால் கோபால்ட் வர்ணத்தைத் தீட்ட வேண்டும். தீட்டும்போது அது கருப்பாகத்தான் தெரியும். சூளைக்குள் போய் வெந்த பிறகே நீலமாக மாறும். எந்தக் கோட்டை மெல்லியதாக இழுத்தோம், எங்கே கை நடுங்கியது என்பதெல்லாம் நெருப்புக்குப் பிறகுதான் தெரிய வரும். சூளை வேலை முடிய நாட்கள் எடுக்கும் என்பதால் கையோடு கொண்டு வர முடியாது. பின்னர் எப்படிப் பெற்றுக்கொள்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஆணித் தலையால் பூ

கிழக்கே ஸ்தாப்ஹோர்ஸ்ட் என்ற கிராமத்துப் பெண்களின் கைவேலை ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். கருந்துணியை விரித்து, ஆணித் தலைகளை வர்ணத்தில் தோய்த்து, புள்ளி புள்ளியாகக் குத்திப் பூக்கள் வரைகிறார்கள். பெரிய ஆணி, சிறிய ஆணி, குண்டூசி என்று ஒவ்வொரு அளவுக்கும் ஒரு புள்ளி. விலை கூடிய துணி வாங்க வசதி இல்லாத இடத்தில், வீட்டில் கிடந்த ஆணியைக் கொண்டு அழகு செய்துகொண்ட பெண்களின் கெட்டித்தனம் இது. தொப்பியிலும் மார்புத் துணியிலும் இந்த வேலைப்பாடு இருக்கும். பாரம்பரிய உடையை அன்றாடம் அணிபவர் இப்போது வயதான சிலரே. ஆனால் கைவேலை மட்டும் பட்டறைகளில் தொடர்கிறது.

வடக்கே ஹிந்தலோப்பன் என்ற சிற்றூரில் அந்தக் காலப் பெண்கள் அணிந்த நீண்ட மேலங்கி எந்தத் துணியில் தைக்கப்பட்டது தெரியுமா? ஒல்லாந்துக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றிச் சென்ற பூப்போட்ட பருத்தித் துணியில்! அதை அவர்கள் 'சிட்ஸ்' என்றார்கள். நாம் 'சீத்தை' என்கிறோம். இரண்டும் ஒரே சொல்லின் பிள்ளைகள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் சாயம் தோய்த்த கைகளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. துணி மட்டும் அவர்களின் நூதனசாலையில் பத்திரமாக இருக்கிறது.

சுமந்தவர் பெயர் இருக்கிறது, செய்தவர் பெயர்?

இனிப் பாற்கட்டிக்கு, அதாவது சீஸுக்கு வருவோம். அல்க்மார் நகரில் இளவேனிலில் தொடங்கி செப்டம்பர் வரை வெள்ளிக்கிழமைகளில் சீஸ் சந்தை கூடும். வெள்ளை உடையும் வைக்கோல் தொப்பியும் அணிந்த ஆண்கள், தொட்டில் போன்ற தட்டில் சீஸ் உருண்டைகளை அடுக்கி, இருவராகத் தோளில் மாட்டிச் சுமந்து ஓடுவார்கள். ஒரு தட்டின் பாரம் ஏறத்தாழ 130 கிலோ. இவர்களின் சங்கம் 1593 முதல் இருந்து வருகிறது. விலை பேசுபவர்கள் ஒவ்வொரு தொகைக்கும் கையோடு கை தட்டிப் பேரம் பேசுவார்கள். இன்று உண்மையான கொள்வனவு வேறிடத்தில் நடக்கிறது. சந்தை ஒரு காட்சியாகவே நடக்கிறது. அதை அறிந்தே பாருங்கள்.

ஆனால் சகோதரிகளே, ஒன்றைக் கவனியுங்கள். சுமந்த ஆண்களுக்குச் சங்கம் இருந்தது, சரித்திரம் இருந்தது. சீஸுக்கு விற்ற ஊரின் பெயர் கிடைத்தது. கௌடாச் சீஸ் என்றால் கௌடா நகரின் சந்தையில் விற்கப்பட்டது என்பதே பொருள். அதைச் செய்தவர்கள் யார்? பண்ணை வீட்டுப் பெண்கள்! பால் கறந்து, காய்ச்சி, உறைய வைத்து, அழுத்தி, நாள்தோறும் புரட்டிப் போட்ட வேலை தலைமுறை தலைமுறையாக விவசாயியின் மனைவியுடையது. அவள் பெயர் எந்தச் சீஸிலும் இல்லை.

கௌடாவைச் சுற்றியுள்ள பண்ணைகளில் இந்த வேலையை நேரில் பார்க்கலாம், சில இடங்களில் கை வைத்தும் பார்க்கலாம். பாலை ஏறக்குறைய 30 பாகை வரை இளஞ்சூடாக்கி, உறையும் உறைபொருளும் சேர்ப்பார்கள். அரை மணித்தியாலத்தில் பால் கட்டியாகும். அதைக் கம்பிகளால் சிறு துண்டுகளாக வெட்டி, தெளிந்த நீரின் ஒரு பகுதியை வடித்து, வெந்நீர் ஊற்றிக் கழுவுவார்கள். இந்தக் கழுவல்தான் கௌடாவின் இனிப்பான சுவைக்குக் காரணம். பிறகு அச்சில் இட்டு அழுத்தி, உப்புநீரில் சில நாட்கள் மிதக்க விட்டு, மரத்தட்டுகளில் முதிர வைப்பார்கள். ஒரு கிலோ சீஸுக்கு ஏறத்தாழ 10 லீற்றர் பால் வேண்டும். கை வைத்துப் பார்த்தவர் அதற்குப் பிறகு ஒரு துண்டைக்கூட வீசமாட்டார்.

சுவைக்கும்போது இளசிலிருந்து முதிர்ந்ததற்குப் போக வேண்டும். 4 வாரச் சீஸ் மென்மையாகப் பால் மணத்தோடு இருக்கும். 4 மாதச் சீஸில் உறைப்பு ஏறும். ஓராண்டைத் தாண்டியது கடினமாகி, பல்லில் மணல் போல் நொறுங்கும் வெண்பளிங்குகள் தட்டுப்படும். அது உப்பல்ல, முதிர்ச்சியின் அடையாளம். சீரகம் போட்ட லெய்டன் சீஸும், கராம்பு போட்ட பிரீஸ்லாந்துச் சீஸும் நம் நாவுக்கு உடனே பிடித்துப்போகும்.

வாயில் வைக்குமுன் ஒரு கேள்வி

பாலைக் கட்டியாக்கும் உறைபொருள் எது? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. பழைய முறையில் அது பால்குடிக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்படும் உறைபொருளும் இன்று பரவலாக உண்டு. கன்று முறைப்படி அறுக்கப்பட்டதென்றால் சிக்கல் இல்லை. இல்லையென்றால், இமாம் அபூஹனீபா அவர்கள் அந்த உறைபொருளைத் தூய்மையானதாகக் கொள்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் அது நஜீஸ். ஆகவே நம் நாட்டில் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாம் பேணுதலாக நடப்பதே நல்லது. அந்நாட்டு மொழியில் உறைபொருளுக்கு 'ஸ்ட்ரெம்சல்' என்று பெயர். 'மிக்ரோபியேல்' என்றால் நுண்ணுயிரிலிருந்து வந்தது. 'டீர்லெக்' என்றால் விலங்கிலிருந்து வந்தது. இந்த மூன்று சொற்களையும் கைப்பையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். சைவ உணவுக்காரரும் அங்கே இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. சீஸ் சுவைக்கும் அமர்வுகள் பலவற்றில் பக்கத்தில் வைன் வைப்பது வழக்கம். இடம் பதியும்போதே அது வேண்டாம் என்று சொல்லி, மதுபானம் இல்லாத அமர்வு உண்டா என்று கேளுங்கள். அடுத்தது, பண்ணைச் சீஸ் பல காய்ச்சாத பாலில் செய்யப்படுவது. கர்ப்பிணிகள் வைத்தியரிடம் கேட்டே சாப்பிட வேண்டும்.

கற்க ஒருவர் வந்தால் தொழில் வாழும்

பயணிகளுக்காக நடத்தும் பட்டறைகள் வெறும் காசு பிடுங்கும் வித்தை என்று சிலர் நினைக்கலாம். சில அப்படியும் இருக்கும். ஆனால் காற்றாலைகளைப் பாருங்கள். நீராவியும் மின்சாரமும் வந்த பிறகு ஆயிரக்கணக்கான ஆலைகள் இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் குறைந்து போனார்கள். 1972இல் தொண்டர்கள் ஒரு சங்கம் அமைத்து, ஆலை ஓட்டும் கலையை ஆர்வமுள்ள எவருக்கும் கற்பிக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர்களும் கந்தோர் உத்தியோகத்தரும் ஓய்வு நாட்களில் வந்து கற்றார்கள். 2017இல் யுனெஸ்கோ அந்தக் கலையை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தொழிலாகச் செத்துக்கொண்டிருந்த ஒன்று, கற்பதற்கு ஆள் வந்ததால் பிழைத்தது.

எல்லோராலும் ஒல்லாந்து போக முடியாது. போக வேண்டும் என்பதுமில்லை. பன்பாய் இழைக்கவும், ரேந்தை பின்னவும், மண்சட்டியில் தயிர் உறைய வைக்கவும் தெரிந்த உம்மம்மா ஒருவர் உங்கள் வீட்டில், அல்லது பக்கத்து வீட்டில் இருப்பார். அவர் செய்வதைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் பக்கத்தில் உட்காருங்கள். "எனக்கும் ஒருக்கா பழக்கித் தாங்க உம்மம்மா" என்று கையை நீட்டுங்கள். அதற்கு விமானச் சீட்டுத் தேவையில்லை.