அலிஃப்: ஓர் எழுத்தின் பொருள்

ஜப்பானியரின் தூரிகை எழுத்துக் கலையில் ஒற்றை எழுத்தே ஒரு முழுப் படைப்பாவதுண்டு. இனோவே யூஇச்சி (1916–1985) 'வறுமை' எனப் பொருள்படும் ஓரெழுத்தையே பன்முறை எழுதினார். கோடுகளின் தடிப்பிலும் சாய்விலும் ஓர் ஏழையின் நடையையே நாம் காணலாம்.

நம் மரபில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது அலிஃப். மேலிருந்து கீழாக இழுக்கும் ஒரு கோடு, அவ்வளவே. நெடிலைக் குறிக்கும் அலிஃபுக்குத் தனியோசையும் இல்லை. முன்னெழுத்தின் ஓசையை நீட்டுவதே அதன் பணி. ஆயினும், அப்பாஸிய அமைச்சர் இப்னு முக்லா (கி.பி. 886–940) எழுத்துகளுக்கு அளவு வகுத்தபோது அலிஃபையே அடிப்படையாகக் கொண்டார். நாணல் எழுதுகோல் இடும் சாய்சதுரப் புள்ளிகளால் அதன் உயரம் அளக்கப்படும். அவ்வுயரத்தை விட்டமாகக் கொண்ட வட்டத்தைக் கொண்டே பிற எழுத்துகளின் அளவு அமையும். தான் ஒலிக்காமலே அனைத்திற்கும் அளவாய் நிற்கிறது அலிஃப்.

அப்ஜத் கணக்கில் அதன் மதிப்பு 1. 'அல்லாஹ்' எனும் திருநாமத்தின் முதலெழுத்தும் அதுவே. தமிழ் சூஃபிகள் 'அலிபு' எனப் பாடியது ஓரிறைமையின் இக்குறியையே. அகரத்தைக் கொண்டு இறைவனை உணர்த்திய குறளை அறிந்த நமக்கு இது அந்நியமன்று.

இன்று நம் பிள்ளைகள் அலிஃபை ஓதக் கற்கின்றனர். வரையக் கற்பவர் சிலரே. வாசிப்பதற்குக் கணினி எழுத்து போதும். ஆனால் மூச்சடக்கி, திருத்த இடமின்றி அக்கோட்டை இழுக்கும் பிள்ளை, தொழுகையின் கியாம் கற்பிக்கும் நேர்நிலையைத் தன் கையாலும் உணர்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரு நாணல் எழுதுகோல், ஒரு மைக்கூடு: இவ்வளவே நம் மதரஸாக்களுக்கு வேண்டுவது.