ஒரு கிலோ நிலக்கரி எரிந்தால் ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வருகிறதே, எப்படி?

சிதம்பரத்து வீடொன்றில் 75 வாட் மின்விசிறி 13 மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட ஒரு யூனிட் மின்சாரம். அதற்காக நெய்வேலி அனல்மின் நிலையத்தில் சுமார் ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும்.

ஏன் இவ்வளவு? அந்தக் கட்டியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈர விறகை அடுப்பில் வைத்துப் பாருங்கள். ஈரம் வற்றிய பிறகுதான் உலை கொதிக்கும். அதனால்தான் கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரி மட்டுமே. நல்ல கறுப்பு நிலக்கரி இதில் இரு மடங்கு தரும். பழுப்பு நிலக்கரியின் அந்த 2,600 கிலோகலோரியிலும் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமானாலே பெரிது. ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாதி தண்ணீரான சரக்கைத் தொலைதூரம் ரயிலேற்றினால் கட்டுப்படியாகாது. ஆகவே சுரங்கத்தை ஒட்டியே அனல்மின் நிலையங்கள். போக்குவரத்துச் செலவு மிச்சம்தான்; ஆனால் மேல்மண்ணை மலைபோல் அள்ளிக் கொட்ட வேண்டும், நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்க வேண்டும். சுற்றியுள்ள கிராமங்கள் இழக்கும் நிலமும் நீரும் செலவுதானே?

இனி வாயுக் கணக்கு. ஒரு கிலோவில் கரிமம் ஏறக்குறைய 300 கிராம்தான். ஆனால் எரியும்போது 12 கிராம் கரிமத்தோடு காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜன் சேர்ந்துகொள்கிறது. 300 கிராம், 1,100 கிராம் வாயுவாகிறது!

நெய்வேலி மின்சாரம் 100 யூனிட் என்றால், வானுக்குப் போவது 100 கிலோவுக்கும் மேல்.