நெற்குவியலின் உட்சூட்டை மின்கருவியால் அறிதல்

கொழும்பிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளைப் பச்சையரிசி வாங்குவோர் முதலில் அதன் நிறத்தையே பார்க்கின்றனர். மஞ்சளித்த அரிசிக்கு நல்ல விலை கிடைப்பதில்லை. இக்குறை பெரும்பாலும் கடையில் உண்டாவதன்று. ஈரநெல்லைக் குவித்துவைத்த இடத்திலேயே உண்டாவதாகும்.

நெல்மணி உயிருள்ளது, அது சுவாசிக்கின்றது. ஈரம் மிகுந்தால் அச்சுவாசமும் பூஞ்சணத்தின் வளர்ச்சியும் பெருகி வெப்பத்தைப் பிறப்பிக்கும். நெல்லோ வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. ஆகவே, குவியலின் மேற்புறம் குளிர்ந்திருக்க, நடுப்பாகம் புழுங்கிக்கொண்டிருக்கும். மேலே கைவைத்துப் பார்த்தால் இது புலப்படாது. கெட்ட மணம் வீசும்போது விதைநெல்லின் முளைதிறன் குன்றியிருக்கும்.

இதனை முன்னரே அறிய மின்னுணரி உதவுகின்றது. உலோகக் கம்பி சூடேறும்போது, மின் பாய்வதற்கு அதிலுள்ள தடையும் கூடும். பிளாற்றினக் கம்பியின் இவ்வியல்பால் வெப்பநிலையை அளக்கலாமென வில்லியம் சீமன்ஸ் 1871 இல் எடுத்துரைத்தார். இன்று பெருவழக்கிலுள்ள பிளாற்றின உணரியின் தடை 0 பாகை செல்சியசில் 100 ஓம். 100 பாகையில் ஏறத்தாழ 138.5 ஓம். இதனை நீண்ட குழாயின் நுனியிற் பொருத்திக் குவியலின் நடுவே செலுத்தினால், வெளியே நின்றவாறே உட்சூட்டை அறியலாம்.

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவ்வுணரியின் தடை ஒரு பாகைக்கு 0.4 ஓம் அளவே மாறும். இணைக்கும் கம்பிகளின் தடை 2 ஓமாயின், கருவி 5 பாகை கூடுதலாகக் காட்டும். மூன்று அல்லது நான்கு கம்பிகளால் இணைத்தால் இப்பிழை நீங்கும். தெர்மிஸ்டர் எனும் மலிவான உணரியின் தடை, சூடு ஏறக் குறையும். அது பெரும்பாலும் 25 பாகையில் 10,000 ஓம் தடையுடையதாதலால், கம்பியின் தடை அதனை அவ்வளவாகப் பாதிக்காது.

கமக்காரர் செய்யவேண்டியவை:

1. நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் உணரியை அமிழ்த்துக. கருவி 0 பாகையைக் காட்டவேண்டும்.

2. விதைநெல்லை ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்திச் சேமிக்குக. உலர்த்தும்போது நெல்லின் சூடு 43 பாகையைத் தாண்டலாகாது.

3. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில் அளந்து குறித்துவைக்குக. உட்சூடு நாளுக்குநாள் ஏறினால், தாமதியாது குவியலைக் கலைத்துப் பரப்பி உலர்த்துக.

மரக்கறியும் அறுவடைக்குப்பின் சுவாசிப்பதே. கொழும்புக்கு லொறியில் அனுப்பும் மூட்டைகளின் நடுவே உணரியை வைத்தால், எங்கே காற்றோட்டம் குறைந்துள்ளதென்பதை அறிந்து மூட்டைகளை இடைவெளிவிட்டு அடுக்கலாம்.

விளைவித்த பயனை வீடுவரை கொண்டுசேர்ப்பதும் கமத்தொழிலின் ஒரு பகுதியே. உட்சூட்டைக் காலத்தில் அறிந்தவர் ஒரு போகத்தின் உழைப்பைக் காத்தவராவார்.