பேக்கிங் பாத்திரங்கள்: அடுக்குவதும் இரவல் கொடுப்பதும்

பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளில் தம்மடைக்கும் கேக்கிற்கும் தட்டுகளைத் தேடுவோம். முன்பெல்லாம் இதற்கென்று தனிப் பாத்திரங்கள் அதிகம் இல்லை. ரவை, முட்டை, சீனி, நெய் சேர்த்த கலவையைச் சட்டியில் ஊற்றி, அடியில் தணலும் மூடியின் மேல் தணலும் வைத்து வேக வைத்தார்கள். இன்று நாவலூர் அடுக்குமாடி வீடுகளில் ஓவன் வந்துவிட்டது. கூடவே கேக் டின், கண்ணாடிப் பாத்திரம், சிலிகான் அச்சு எல்லாம் சேர்ந்துவிட்டன. சமையலறையோ சிறியது. வைத்த இடம் தெரியாமல் இருப்பதையே மறுபடி வாங்கினால் அது வீண்விரயம்தான்.

ஒருநாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். துரு ஏறியது, நான்ஸ்டிக் பூச்சு உரிந்தது ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால் ஒன்றைத் தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடலாம்.

மீதியை அடுக்கும் முறை இது. தட்டையான தட்டுகளைப் படுக்க வைக்காமல் புத்தகங்கள்போல நிறுத்தி வைத்தால், மற்றதைக் கலைக்காமல் ஒன்றை உருவலாம். வட்ட டின்களைச் சிறியது பெரியதற்குள்ளாக வைத்து, நடுவே பழைய பருத்தித் துணி போட்டால் பூச்சு கீறாது. கனமான கண்ணாடிப் பாத்திரங்களைத் தலைக்கு மேலுள்ள அலமாரியில் வைக்க வேண்டாம். சிலிகான் அச்சு எண்ணெய் வாடையைப் பிடித்துக்கொள்ளும்; மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

நாவலூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். உப்புக் காற்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்கால ஈரமும் தகர டின்களை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். கழுவித் துடைத்தபின், அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் சற்று நேரம் வைத்து எடுங்கள். மடிப்புகளில் தங்கிய ஈரமும் காய்ந்துவிடும்.

ஓவனையே அலமாரியாக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உள்ளே பிளாஸ்டிக் டப்பா இருப்பதை அறியாமல் வேறொருவர் ஓவனைப் போட்டால் அது உருகித் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே ஓவன் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வருடத்தில் நாலைந்து முறை மட்டும் பயன்படும் பெரிய தட்டை ஒரே மாடியில் நான்கு வீடுகளும் வாங்க வேண்டுமா? அல்மாஊன் அத்தியாயம் அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டிக்கிறது. அந்தச் சொல்லுக்கு இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கொடுத்த விளக்கத்தில், மக்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுக்கும் சட்டி, வாளி, கோடரி போன்றவை வருகின்றன. நம் காலத்தில் கேக் டின்னும் அந்த வரிசையில் சேரும்.

தட்டு நசுங்கி வருமே என்ற தயக்கம் இயல்பானது. அதற்கும் நம் ஃபிக்ஹில் சட்டம் உண்டு. அனுமதித்த பயன்பாட்டால் அல்லாமல் இரவல் பொருள் கெட்டுப்போனால், வாங்கியவரே பொறுப்பு என்பது ஷாஃபிஈ மத்ஹப். அவர் வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோதான் பொறுப்பு என்பது ஹனஃபி மத்ஹப். எந்த மத்ஹபிலும் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது கடமை.

ஆகவே, இரவல் போகும் பாத்திரங்களுக்கு ஒரு தட்டைத் தனியாக ஒதுக்குங்கள். அடிப்புறம் வீட்டு எண்ணை எழுதுங்கள். யாரிடம் போயிருக்கிறது என்பதை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் குறித்து வையுங்கள். வாங்கியவர் கழுவி, ஈரம் காயவைத்துத் திருப்பிக் கொடுக்கட்டும். இன்ஷா அல்லாஹ், வரும் பெருநாளில் தேடும் வேலையும் குறையும், வாங்கும் செலவும் குறையும்.