வெங்காயப் பாத்தியில் கோரை

கத்தரியும் பூசணியும் இலை விரித்துத் தம் காலடியைத் தாமே இருட்டாக்கிக்கொள்ளும். பருத்தித்துறையை அடுத்த புலோலி, அல்வாய்த் தோட்டங்களில் நடுகிற சின்ன வெங்காயத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. குழல் குழலாய் நிமிரும் தாள் நிழல் தராது. வேரும் மேலோட்டம். இறைக்கிற தண்ணீரும் போடுகிற பசளையும் முதலில் புல்லுக்குத்தான் போய்ச் சேரும்.

புல்லென்றால் எல்லாம் ஒன்றல்ல. சாரணையும் கீரையும் பிடுங்கினால் போய்விடும். கோரைதான் வில்லன். மண்ணுக்குள் கிழங்குகளைச் சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கும். மேல் கிழங்கு உயிரோடு இருக்கும்வரை கீழுள்ளவை பெரும்பாலும் உறங்கும். சங்கிலி அறுந்ததோ, ஒவ்வொன்றும் தனிச் செடியாகும். லான்ட்மாஸ்டரால் ஒருமுறை உழுதுவிட்டுத் தறை சுத்தமென்று நினைப்பவர் உண்மையில் கோரையை நடுகை செய்திருக்கிறார்! சித்த மருத்துவத்தில் முத்தக்காசு என்று காசு கொடுத்து வாங்குவதும் இதே கிழங்கைத்தான்.

உழவு பலனளிக்க வெயில் துணை வேண்டும். கோடையில் உழுது, கிழங்குகளை மேலே புரட்டிக் காயவிட்டால் அவை செத்துப்போகும். இன்னொரு வழி, நடுவதற்கு முன் ஒருமுறை தண்ணீர் கட்டி, முளைப்பதை முளைக்கவிட்டு மேலாகச் செருக்குவது. விதையிலிருந்து வரும் புல்லுக்கு இது நல்ல மருந்து, கோரைக்கு அரைமருந்து. வைக்கோல் மூடாக்கும் அப்படியே. கோரையின் கூர்முனை கறுப்புப் பொலித்தீனையே குத்திக்கொண்டு வெளியே வரும்.

உழவாரம் வரம்புக்கும் வாய்க்காலுக்கும் சரி. நெருக்கி நட்ட பாத்திக்குள் விரல்தான் ஆயுதம். பெண்கள் குந்தியிருந்து பிடுங்குகிற அந்த வேலைக்குக் கூலி கூட என்று முணுமுணுப்போர் உண்டு. ஆனால் முதல் மாதத்தில் தள்ளிப்போட்டால், பிறகு புல்லோடு வெங்காயமும் அசைந்து வேரறும்.

கிளைபோசேற் என்ற களைகொல்லி கிழங்குவரை இறங்கிக் கொல்லக்கூடியது. ஆனால் அதற்கு வெங்காயமும் கோரையும் ஒன்றுதான், வெறுந்தறைக்கே பொருந்தும். வடமத்திய மாகாணச் சிறுநீரக நோயில் அதற்குப் பங்கிருக்குமோ என்ற ஐயத்தின் நடுவே 2015இல் இலங்கை அதைத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்கு. 2022இல் தடையே நீங்கியது. நோய்க்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் உறுதிப்படவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. தோட்டத்தில் விழும் மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி நம் கிணற்றுக்குத்தான் வருகிறது. இங்கே எந்த மருந்தையும் அளவறிந்தே தொடவேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு தொல்லைக் களையான பார்த்தீனியத்தைப் பூக்க முன், கையுறை போட்டுப் பிடுங்குங்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதைக்கும். தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

பிடுங்கிய கோரையை வரம்பிலே எறிவது நம் பழைய பழக்கம். அடுத்த மழைக்கு அது அங்கேயே வேர்விடும். சீமெந்து முற்றத்தில் பரப்பி, கிழங்கு சுருங்கும்வரை காயவிடுவதே மேல்.